கடலை நோக்கிப் போன குட்டியானை

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நான் பன் தின்றுகொண்டிருந்தபோதுதான் தொலைக்காட்சியில் சுனாமி எச்சரிக்கை வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா, எல்லாரும் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை லீவு என்பதால் சிமெண்டு மூட்டை இறக்கப் போனவரோடு நானும் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

எங்கோ கடலுக்கடியில் பூமி அதிர்ந்திருக்கிறதாம். கடலோரத்து மக்கள் உடனே மேடான இடங்களுக்குப் போக வேண்டுமாம். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "நமக்கென்ன, கடலு இங்கருந்து எம்புட்டுத் தூரத்துல கெடக்கு" என்றார். அப்பா பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏறு."

எப்போதும் "ஏறும்மா" என்பார்.

வண்டி கிழக்கே திரும்பியது. எங்கள் ஊர் மேற்கே இருந்தது. "அப்பா, வீடு அங்கிட்டுல்ல இருக்கு" என்றேன். அறந்தாங்கி எல்லை தாண்டியதும் அப்பா வண்டியை மிதித்த மிதியில் பின்னால் கிடந்த மண்வெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துக்கொண்டே வந்தது.

மணமேல்குடி சாலையில் பாதித் தூரம் போவதற்குள் எதிரே சனம் வர ஆரம்பித்துவிட்டது. ஒரே மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர். கூரை மேலெல்லாம் ஆள் உட்கார்ந்த மினி பஸ். ஒரு பெண் கேஸ் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, சிலிண்டரை விட்டுவிட்டு வந்திருந்தாள். அத்தனை பேரும் எதைக் கண்டு ஓடி வருகிறார்களோ அதை நோக்கி நாங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். அலை என்பது சாலையிலேயே எதிரே உருண்டு வரும் என்று நினைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கடற்கரைக்குச் சாலை பிரியும் ஒரு விலக்கில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை மறித்தார்.

"ஏய்யா, ஊரே இங்கிட்டு வருது, நீ அங்கிட்டுப் போற? அதுவும் சின்னப்புள்ளைய வச்சுக்கிட்டு?"

"எந் தங்கச்சி அங்க இருக்குங்க சார்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்குத் தங்கச்சி இருப்பதாக அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. போலீஸ்காரருக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"புள்ளைய எறக்கி விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். இறக்கிவிடத்தான் போகிறார் என்று தெரிந்ததும் நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் போலீஸ்காரரே பயந்துபோய், "போ போ, ஒடனே திரும்பிரு" என்று வழிவிட்டார்.

அப்பா வண்டியை நிறுத்திய கடலோர ஊரில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வலைகள் போட்டது போட்டபடி கிடந்தன. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. எந்த வீடு என்று அப்பாவுக்குத் தெரியாது. நாட்டுக்கோழிகளைச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் பெயரைச் சொல்லி விசாரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா சொன்னது என்னுடைய பெயர். நான் வண்டியில்தானே இருக்கிறேன், என்னை எதற்கு இந்த ஊரில் தேடுகிறார்?

தங்கச்சி என்று அப்பா சொன்னது பொய்யில்லை. அத்தை, தெருக்கோடியில் ஓட்டு வீட்டு வாசலில் இடுப்பில் ஒரு பையனோடு நின்றிருந்தாள். வண்டியை விட்டு இறங்கிய அப்பாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. ஓரடி பின்னால் போனாள்.

"ஏறு" என்றார் அப்பா, என்னிடம் சொன்ன அதே குரலில்.

"அவுக கடலுக்குப் போயிருக்காகண்ணே. போனும் எடுக்கல. நான் மட்டும் எப்பிடி வருவேன்?"

"நீ இங்க நின்னா அலை நிக்குமா? நாளைக்கி அவரு வந்து எம்பொஞ்சாதி புள்ள எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அத்தை சட்டென்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பையனைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினாள். அதற்குள் அக்கம்பக்கத்தில் மிச்சமிருந்தவர்கள், கோழிச் சாக்குக்காரர் உட்பட, கேட்காமலே பின்னால் ஏறிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் மேடு என்று ஒன்றும் கிடையாது. பார்த்த இடமெல்லாம் தட்டையான பொட்டல்தான். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கண்மாய் இருந்தது. அதன் கரைதான் மேடு. அதில் ஏற்கனவே நானூறு ஐநூறு பேர் ஏறி நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவேல மரங்கள்தான் தெரிந்தன. காற்று பலமாக அடித்தபோதெல்லாம், "வந்துருச்சு" என்று யாராவது கத்த, கரை முழுக்கப் பிள்ளைகள் அலறின.

அப்பாவும் அத்தையும் அருகருகே நின்றார்கள்.

"ஐயா எப்பிடி இருக்காக?" என்று அத்தை கேட்டாள். தாத்தாவைக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"இருக்காக."

"நான் அவுகளக் கட்டிக்கிட்டு வந்த பெறகு என்னையப் பத்தி எப்பவாச்சும் பேசுனாகளா?"

அப்பா கிழக்கே பார்த்தார். "தண்ணி இம்புட்டுத் தூரம் வராது" என்றார்.

பையன் என் மடியிலேயே தூங்கிப்போனான். வெயில் தாழ்ந்தபோது அத்தையின் போன் அடித்தது. மாமா வேறொரு துறையில் கரை சேர்ந்திருந்தார். அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள் என்ற செய்தியும் வந்தது. கரை முழுக்கச் சிரிப்பு. சாக்குக்காரர் ஒரு கோழி மூச்சு முட்டிச் செத்துப்போனதற்காகச் சுனாமியைத் திட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

திரும்பிப் போகும்போது வண்டியில் ஒரே பாட்டும் கூத்தும். அத்தை வீட்டு வாசலில் அப்பா இன்ஜினை அணைக்கவில்லை.

"ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சுட்டுப் போண்ணே."

"இருட்டீரும்."

அத்தை உள்ளே ஓடிப்போய் ஒரு பொட்டலம் கருவாட்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். என் கன்னத்தைத் தொட்டு, "பேரு என்னடி தங்கம்?" என்றாள். சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கியரைப் போட்டார்.

விலக்கில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். "தங்கச்சி பத்திரமா?" என்று கேட்டார். "பத்திரமா இருக்குங்க" என்ற அப்பா, என் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். "வச்சுக்கங்க சார். எங்க வீட்டுல இந்த வாசன ஆகாது." எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் கருவாட்டுக் குழம்பு வைப்பார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

ஊருக்குள் நுழையுமுன் வண்டியை ஓரங்கட்டினார். "இன்னைக்கு டவுன்லயே லேட்டாயிருச்சு. வேற எங்கயும் போகல. சரியாம்மா?" என்றார். சரி என்றேன். பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "அழுகாதப்பா. அதான் அலை வரலைல்ல?"

"ஆமாம்மா. வரல."

பயம் தெளியாமல் அழுகிறார் என்று நினைத்தேன். இனி அந்த அலை வரவே வராது, யாரும் யாரையும் தேடி ஓட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்தவரை ஆறுதல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் ஏன் இன்னும் கூடுதலாக அழுதார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.