பட்டதாரிகளின் கொட்டிலில் அம்மா கேட்டது

வெயில் ஏறிய தறப்பாளுக்கு என்று ஒரு மணம் உண்டு. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய மழை ஈரமும் ஆட்களின் வியர்வையும் கலந்த அந்த மணத்தை, வன்னியில் என் வயதில் வளர்ந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது முகாம்களை நினைவூட்டலாம். எனக்கு ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமையை நினைவூட்டுகிறது. அன்றைய நாட்காட்டித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாந்தரத்தில் படித்த அந்தக் காலத்தில், கிழித்த தாள்களின் பின்புறத்தில் அன்றன்றைய செய்தியைப் பென்சிலால் எழுதிவைப்பது என் பழக்கம். அந்தத் தாளில், "அம்மா படிச்ச ஆக்களிட்டக் கேட்டா. மழை இல்லை" என்று இருக்கிறது. அக்கா அது புதன்கிழமை என்பாள். நான் தாளையே நம்புகிறேன்.

அப்போது தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். யுத்தம் முடிந்தபோது அப்பா இராணுவத்தின் பேருந்து ஒன்றில் ஏறியதை அம்மா கண்டார். அவர் இறங்கியதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. இப்படி ஆட்களைத் தொலைத்தவர்கள் கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் தறப்பாளால் ஒரு கொட்டில் போட்டு, அவர்கள் எங்கே என்று கேட்டு, ஊர் ஊராக முறை வைத்து இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரின் முறை. அம்மா அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம்வரை பாயில் இருப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போய், பாயின் ஓரத்தில் பாடம் எழுதுவேன். சில காலத்தில் அதே வீதியில், கூப்பிடு தூரத்தில், இன்னொரு கொட்டில் முளைத்தது. பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்று வேலை கிடைக்காத இளைஞர்களும் பெண்களும் அரசாங்க வேலை கேட்டு அதில் இருந்தார்கள். அவர்களுடையது "படிச்சவையின்ர கொட்டில்", எங்களுடையது "எங்கட கொட்டில்". அவர்களுக்குக் கதிரைகளும் ஒலிபெருக்கியும் இருந்தன, எங்களுக்குப் பாய்.

அக்கா கலைப் பிரிவில் உயர்தரம் எழுதியிருந்தாள். பெறுபேறு வந்த பிறகும், யாருக்குப் பல்கலைக்கழக இடம் என்று முடிவாகும் வெட்டுப்புள்ளி வருவதற்கு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தைக் கழிக்க, "கம்பஸ் துறக்கும் வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள். விடியப்புறம் சந்தியில் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றும். முதலில் சட்டைக் கழுத்துப் பட்டி தைத்தாள். பிறகு அவளுக்கு ஆங்கிலக் குறிப்புகளை வாசிக்கத் தெரியும் என்று கண்டு, "சுப்பவைசர்" வேலைக்குப் பழகச் சம்மதமா என்று கேட்டார்கள். அதே கிழமையில்தான் அவளுக்குக் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியும் வந்தது. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. முழங்காலில் யுத்தத்தில் பட்ட செல் துண்டு இருந்ததால் அம்மாவால் கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போக முடியாமல் போய்விட்டது. அக்காவின் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. என்றாலும் அம்மாவுக்கு ஒரு சொல் இருந்தது. எத்தனையோ வருடங்களாக அதைச் சொல்லிச் சொல்லியே அக்காவைப் புத்தகத்துக்கு முன்னால் இருத்தியவர் அவர். "பெட்டை படிச்சால் ஒருத்தன்ர கையைப் பாக்கத் தேவையில்லை."

"படிச்சுப்போட்டு அந்தக் கொட்டிலுக்குத்தானே அம்மா போகவேணும்?" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை வந்ததும், அக்காவை லீவு போடச் சொல்லி, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் பேருந்து ஏறினார். நகரத்தில் இறங்கி, எங்கள் கொட்டிலைத் தாண்டி, நேரே அவர்களுடைய கொட்டிலுக்குப் போனார். கோயிலுக்குள் போகிறவர்போல வாசலில் செருப்பைக் கழற்றியது எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிள்ளையள், உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்," என்றார். "இவளுக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு. விடவோ, வேண்டாமோ?"

பத்திரிகையை மற்றவர்களுக்கு உரத்து வாசித்துக்கொண்டிருந்த, கண்ணாடி போட்ட ஓர் அண்ணை தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அம்மா, தண்ணியில தாண்டு போனவனிட்ட வந்தெல்லோ நீச்சல் கேக்கிறியள்."

"என்ன பாடம், தங்கச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆர்ட்ஸ்," என்றாள் அக்கா.

"அப்ப ஒரு கதிரையை இப்பவே பிடிச்சு வையும். நாலு வருசத்தால வந்தால் இடம் கிடையாது."

கொட்டில் முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். அம்மா மட்டும் அப்படியே நின்றார்.

"சிரிக்காதேங்கோ. அந்த அம்மா உண்மையாத்தான் கேக்கிறா," என்று நீலச் சேலை உடுத்த ஒரு பெண் சொன்னார். அவருடைய மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "என்னைக் கேட்டால் விடாதேங்கோ, அம்மா. கடையில வேலை கேட்டுப் போனால், நீங்கள் பட்டதாரி, உங்களுக்கு இது சரிவராது எண்டு அனுப்பிப்போடுறாங்கள். படியாமல் இருந்திருந்தால் அந்த வேலையாவது கிடைச்சிருக்கும்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ," என்று கண்ணாடி அண்ணை குறுக்கிட்டார். "பட்டம் இருக்கிறபடியால்தானே ரோட்டில இருந்து அரசாங்கத்திட்ட உரிமையாக் கேக்கிறம். பட்டம் இல்லாட்டி இந்தக் கொட்டிலில வந்து இருக்கவும் ஏலாது."

"நான் எட்டாம் வகுப்பு, தம்பி," என்றார் அம்மா. "நானும் அங்கால கொட்டிலில இருந்து அதே அரசாங்கத்திட்டத்தான் கேக்கிறன்."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நீலச் சேலைக்காரி மெதுவாக, "உங்கட ஆரம்மா?" என்று கேட்டார். "இவையின்ர தகப்பன்," என்றார் அம்மா. கண்ணாடி அண்ணை எழுந்து தன் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா அதில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாந்தரமும் கேட்டார். "நீங்கள் இன்னும் சொல்லேல்லை. விடவோ?"

அதற்குப் பதிலாக, யாரோ எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

எங்கள் கொட்டிலுக்கு நடந்து திரும்பும்போது அக்கா, "பாத்தியளே அம்மா?" என்றாள், வழக்கில் வென்றவள்போல. அம்மா சொன்னது நான் எதிர்பாராதது. "பாத்தன். எப்பிடிக் கதைக்கினம் எண்டு பாத்தன். ஒருத்தருக்கும் பயமில்லை. படிச்சபடியால்தானே அப்பிடிக் கதைக்கினம்." ஒரே கொட்டிலுக்குள் போய் வந்த இரண்டு பேரில் ஒருவர் போக வேண்டும் என்றும் மற்றவள் போகக் கூடாது என்றும் முடிவெடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. யார் சொல்வது சரியென்று தெரிந்தால் அதைத் தாளில் எழுதலாம் என்று மட்டும் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது, டவுனுக்குப் போய்ப் பதிவுப் பத்திரங்களை அனுப்புவதற்காக, அக்காவின் நல்ல சட்டையை அம்மா இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கதிரையில் விரித்து வைத்திருந்தார். தானும் வெளிக்கிட்டு நின்றார். கிணற்றடியிலிருந்து வந்த அக்கா அறைக்குள் போய், தொழிற்சாலைச் சட்டையோடு வெளியே வந்தாள்.

"இண்டைக்குத்தான் கடைசி நாள்," என்றார் அம்மா.

"தெரியும்." அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாலு வருசம் படிச்சு, பிறகும் எத்தினை வருசம் எண்டு தெரியாமல் இருந்து பாக்க எனக்கு ஏலாது அம்மா. நீங்கள் இருக்கிறதைப் பாத்தே நான் களைச்சுப்போனன்."

அம்மா ஏசுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையிலிருந்த சட்டையை மடித்தார். அதை அலுமாரிக்குள் வைத்தார். "அப்ப பொறு, சோறு கட்டித்தாறன்," என்று குசினிக்குள் போனார்.

அன்றைய தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. முன்பக்கத்தில் நல்ல நேரம் அச்சிட்டிருக்கிறது, பின்புறம் வெறுமை.

படிச்சவையின்ர கொட்டில் நெடுநாள் நிற்கவில்லை. நியமனங்கள் வந்தன, எல்லாருக்கும் ஒரே நாளில் அல்ல, சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும். ஒரு நாள் பார்த்தபோது தறப்பாளும் இல்லை, கம்புகளும் இல்லை. இப்போது அந்த இடத்தில் ஓட்டோக்கள் நிற்கின்றன. எங்கட கொட்டில் இருக்கிறது. முன்பு பாயில் இருந்தவர்களில் சிலர், தேடியவர்களைக் காணாமலே செத்துப்போனார்கள். அம்மா முழங்கால் விட்டுக்கொடுக்கும் நாட்களில் மட்டும் போகிறார். எனக்கு என் முறை வந்தபோது வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறேன். அக்கா தொழிற்சாலையிலேயே இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும், வீங்கின காலை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்ப்பாள். பல்கலைக்கழகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

கடந்த ஆண்டு, வீட்டு விபரம் எடுக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். கண்ணாடியைக் கண்டதும் அந்தக் கொட்டிலில் இருந்த அண்ணை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை, அம்மாதான் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நான் அண்டைக்கு என்ன சொன்னனான், அம்மா?"

"முதல் கேக்கேக்க சிரிச்சனீங்கள்," என்றார் அம்மா. "ரெண்டாந்தரம் கேக்கேக்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, போகும்போது, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, ஒரு விடயம் சொன்னார். அக்கா பதியாமல் விட்டால் அந்த இடம் வீணாகிப் போகாது. அதே மாவட்டத்தில் புள்ளி வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து விசாரித்து வருகிறேன். கண்டாவளைப் பக்கத்து ஒரு பிள்ளை அந்த ஆண்டு பிந்திக் கூப்பிடப்பட்டுப் போனதாக ஒருவர் சொன்னார். அவளுடைய பெயர் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு சில இடங்கள் நிரப்பப்படாமலே விடப்பட்டன என்று இன்னொருவர் சொல்கிறார். எழுத்தில் எதையும் நான் காணவில்லை. அக்காவின் இடத்தில் யாராவது ஒருத்தி போய்ப் படித்தாளா, அல்லது அது வெறுமையாகவே கிடந்ததா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.