கல்வெட்டில் வராத குதிரைப் படம்

உருத்திரமூர்த்தி அண்ணை செத்துப் பதினேழாம் நாள் அவருடைய மனைவி புஷ்பவதி அக்கா எனக்கு போன் எடுத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். அதில் போட, மனுசன் குதிரையில் இருக்கிற படம் வேண்டுமாம்.

"இரவி, அவர் குதிரை ஓடின அண்டைக்கு நீர் கமரா கொண்டு போனனீர் எல்லோ?"

"கொண்டு போனனான் அக்கா. பிலிமுக்குள்ள வெளிச்சம் பூந்திட்டுது. ஒண்டும் வரேல்லை."

அக்கா "சரி, என்ன செய்யிறது" என்று போனை வைத்தார்.

நான் சொன்னது பொய். படம் என் அலுமாரியில், பாஸ்போட்டுக்குள் இருந்தது. மொன்றியலில் யார் மகள் யாரோடு மெட்ரோவில் நின்றாள், யார் வீட்டில் புருசன் சோபாவில் படுக்கிறான் என்பதெல்லாம் என் வாயால்தான் நாலு இடம் போகும். இந்த ஒரு படத்தை மட்டும் நான் ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டாதே என்று அண்ணை கேட்டார். கதைக்காதே என்று கேட்கவில்லை. அதனால் கதையைச் சொல்கிறேன்.

நானும் அண்ணையும் டோர்வல் விமான நிலையத்தில் பதினொரு வருசம் பெட்டி ஏற்றினோம். பெட்டி தூக்கத் தூக்க எங்களுக்கெல்லாம் முதுகு வளைந்தது. அவருக்கு வளையவில்லை. முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்துத்தான் குனிவார். கேட்டால், கொழும்பில் குதிரைப் பொலிசில் பதினொரு வருசம் இருந்த பழக்கம் என்பார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். சீருடையில் குதிரைமேல் எடுத்த படங்களும் வீட்டோடு போயின. காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பகிடி பண்ண எனக்கு அது போதும். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அண்ணை குதிரைப் பொலிசிலதான் இருந்தவர். ஆனா மேல இல்லை, பின்னால. வாளியோட."

கூரை பறக்கிற சிரிப்பு. அண்ணையும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அந்தப் பகிடி டோர்வலில் ஏறி, எங்கள் ஆட்கள் குடியிருக்கிற ரொக்ஸ்பரோவில் இறங்கியது. இரண்டு வருசத்தில் அது பகிடி இல்லை, உண்மை. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு சின்னப் பெட்டை கேக்கும் கையுமாக வந்து, "சாணி அள்ளின மாமா நீங்களோ?" என்று அவரையே கேட்டது. அண்ணை அதன் தலையைத் தடவிவிட்டார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கோடைக்கும் குதிரை ஏறி ஓடப் போகிறேன் என்பார். வேலை, பிள்ளைகள், பிறகு பனி. இரண்டாயிரத்து மூன்று தை மாதம் பாரிசவாதம் வந்தது. இடது கை நெஞ்சோடு மடிந்து நின்றுவிட்டது. இடது காலை இழுத்து நடந்தார்.

அடுத்த வருசம் ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டார்.

"இரவி, ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வா. குதிரை ஓடப் போறன்."

"ஒரு கையாலயோ?"

"நான் பழகினது வெள்ளைக்காரன்ர முறை. அதுக்கு ரெண்டு கையும் வேணும். கௌபோய்க்காரருக்கு ஒரு கை காணும். விசாரிச்சிட்டன்."

"விழுந்தா அக்கா என்னைக் கொல்லுவா."

"அவவுக்குத் தெரியும். எனக்கு ஒரேயொரு படம் வேணும். கதை கட்டினவன் நீதானேடா. நீயே வந்து எடு."

சிரிக்காமல்தான் சொன்னார்.

புஷ்பவதி அக்கா மீன் பணிஸ் கட்டித் தந்தார். ரொக்ஸ்பரோவைத் தாண்டி, மொன்றியல் தீவை விட்டு வெளியே போனோம். மரமெல்லாம் சிவந்து நின்றது. அண்ணை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திருந்தார். சப்பாத்து கண்ணாடி போல மின்னியது. ஒரு கையால் அதை எவ்வளவு நேரம் தேய்த்திருப்பாரோ.

குதிரை பழக்குகிற பெண்ணின் பெயர் ஜினெட். அவள் கொண்டு வந்த குதிரைக்குப் பெயர் கரமெல். அதன் சேணத்தைப் பார்த்ததும் அண்ணையின் முகம் சுருங்கியது. கதிரை போல அகலமான சேணம், முன்னால் கைப்பிடி போல ஒரு கொம்பு.

"என்ன அண்ணை, பிடிச்சுக்கொண்டு இருக்க வசதியாத்தானே கிடக்கு?"

"எங்கட பிரிவில விழப் பயந்து சேணத்தைப் பிடிச்சவனை ஒரு மாசத்துக்குத் 'தொட்டில்' எண்டு கூப்பிடுவாங்கள். ஒருத்தன் அந்த வெக்கத்தில வேலையை விட்டிட்டுப் போனவன்."

படிக்கட்டில் ஏற்றி, இரண்டு பேராகக் காலைத் தூக்கிப் போட்டோம். அவர் மேலே இருந்ததும் நான் பயந்துபோனேன். பாரிசவாதம் வந்த மனுசனைக் காணவில்லை. முதுகு கம்பம் போல நின்றது. கண் தூரத்தில் இருந்தது. வாளிக்காரன் ஒருவனும் அப்படி இருக்கமாட்டான். அப்போதே படத்தை எடுத்திருக்க வேண்டும்.

"அண்ணை, எடுக்கட்டோ?"

"பொறடா. நிண்ட குதிரையில ஆரும் இருப்பாங்கள். ஓடேக்க எடு."

வலது கையால் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தார். கரமெல் பின்னால் நடந்தது. அவர் இன்னும் இறுக்கினார், அது இன்னும் வேகமாகப் பின்னால் போய் வேலியில் முட்டியது. நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணை, இது றிவேர்ஸ் கியர்!"

ஜினெட் ஓடிப் போய், வாரைத் தொங்க விடச் சொன்னாள். இந்தக் குதிரைக்கு இறுக்கினால் பின்னால் போ என்று அர்த்தமாம்.

"விடச் சொல்லுறாள்" என்றார் அண்ணை என்னைப் பார்த்து. "இறுக்கிப் பிடிச்சாத்தான் குதிரையின்ர வாய் கைக்குத் தெரியும். விட்டா அது என்ன நினைக்குதெண்டு எப்பிடித் தெரியும்?"

விட்டார். வார் தொங்கியது. கரமெல் தன்பாட்டில் முன்னால் நடந்தது. வாரைக் கழுத்தில் சாய்த்ததும் திரும்பியது. இரண்டு சுற்று வந்தார். மூன்றாம் சுற்றில் மெல்ல ஓடவிட்டார். நான் கமராவைத் தூக்கினேன்.

ஆங்கிலேய முறையில் குதிரை ஓடும்போது அதன் அடிக்கு அடி எழும்பி இருப்பார்களாம். கௌபோய் முறையில் எழும்பாமல் அமத்தி இருக்க வேண்டும். ஜினெட் இரண்டு தரம் சொன்னவள். ஆனால் அண்ணையின் உடம்பு அவள் சொன்னதைக் கேட்கவில்லை, பழைய சார்ஜன்ட் சொன்னதைத்தான் கேட்டது. எழும்பினார். வலது கால் எழுப்பியது, இடது கால் எழுப்பவில்லை. உடம்பு இடப்பக்கம் சரிந்தது. வலது கை வாரை விட்டுக் கொம்பைப் பிடித்தது.

என் விரல் அப்போதுதான் கமராவை அமத்தியது.

கரமெல் தானாக நின்றது. நல்ல குதிரை. ஜினெட் ஓடி வந்து அவரை நிமிர்த்தினாள். கொம்பு பிடிக்கத்தான் இருக்கிறது, எல்லோரும் பிடிப்பார்கள் என்றாள். அண்ணை தலையாட்டினார். அவள் குதிரையைக் கையில் பிடித்து, குழந்தைப்பிள்ளையைக் கூட்டிப் போவது போல இன்னொரு சுற்றுக் கொண்டு போனாள். அண்ணை கொம்பைப் பிடித்தபடி இருந்தார். நான் கமராவை மூடிவிட்டேன்.

திரும்பி வரும்போது மீன் பணிஸை ஒருவரும் தொடவில்லை.

"எடுத்தியோ?"

"ஓம்."

"எப்ப?"

நான் தெருவையே பார்த்து ஓட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, எங்கட சனத்துக்கு அதெல்லாம் தெரியுமோ? குதிரையில இருக்கிறீங்கள், அவ்வளவுதான் பாப்பினம்."

"எனக்குத் தெரியுமெல்லோடா."

பாலம் தாண்டும் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தருக்கும் காட்டாதை. சாணி அள்ளினவன் எண்டே இருக்கட்டும். தொட்டில் எண்டு வேண்டாம்."

வேறு நாள் போவோம் என்றேன். அவர் போகவில்லை. இரண்டாயிரத்து ஆறு மாசியில் இரண்டாம் தரம் பாரிசவாதம் வந்து செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கல்வெட்டைத் தந்தார்கள். முகப்பில் விமான நிலைய அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரே வரி: கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவில் கடமையாற்றினார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த கிருபானந்தன் வடையைக் கடித்துக்கொண்டு அதை வாசித்தான்.

"கடமையாற்றினாராம். வாளியோட எண்டு போட மறந்திட்டினம்."

மேசை முழுக்கச் சிரித்தது. என் பகிடி. ஒரு சொல் மாறாமல் என்னிடமே வந்து நின்றது.

"இல்லையடா" என்றேன். "அவர் மேல இருந்து ஓடினவர். நான் என்ர கண்ணால கண்டனான்."

முந்தினதைவிடப் பெரிய சிரிப்பு.

"இரவி, நீ செத்த வீட்டிலயும் பகிடியை விடமாட்டாய் என்ன!" என்று கிருபானந்தன் என் முதுகில் தட்டினான்.

அன்றைக்குப் படத்தைச் சட்டைப் பைக்குள் கொண்டு போயிருந்தேன். கை பைக்குப் போனது. படத்தின் ஓரம் விரலில் பட்டது. அதே நேரம் புஷ்பவதி அக்கா பாயசத்தோடு எங்கள் மேசைக்கு வந்தார். இவ்வளவு சிரிப்பையும் கேட்டிருப்பார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையை வெளியே எடுத்து, பாயசக் கோப்பையை வாங்கினேன்.