நான் காணாத கனவு

நான் அந்தக் கனவைக் காணவில்லை. ஈஸ்வரிக்கு வந்த மின்னஞ்சலைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். கனவென்று பொய் உரைத்தேன். இதுவே என் குற்றம். நீங்கள் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிட்டேன்.

அது போர்க்காலம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கப்பல் முகவர் அலுவலகமொன்றில் கணினிகளைப் பேணும் பணி எனக்கு. இணைய இணைப்பு ஓயாது திணறியது. காரணத்தைக் கண்டறியுமாறு முகாமையாளர் பணித்தார்.

அலுவலகத்துக்கே பொதுவான கணினியான வழங்கியினுள் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்தேன். தனக்கென உடலில்லாத கணினி அது. அதற்கு வலையமைப்போடு இணைய இரண்டு இடைமுகங்கள். ஒன்று, நான் உட்புகுவதற்கு. மற்றையதற்கு முகவரியே இல்லை. அலுவலகத்திற்குள் வந்துபோகும் தரவு அனைத்தினதும் பிரதி அதனிடம் சேருமாறு செய்தேன். வாயில்லாச் செவி! திரையில் தரவுப் பொதிகள் முதன்முதலாகப் பொழிந்தபோது நான் அடைந்த களிப்பு... குழந்தையைப் போலக் கைதட்டினேன்!

பொதியின் மேலுறையை மட்டும் பதிந்திருந்தால் போதும்: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு. நானோ உள்ளடக்கத்தையும் பதியவிட்டேன். ஏன்? ஆவல்... வேறென்ன சொல்வது?

திணறலுக்குக் காரணம் முகாமையாளர் இணையத்தில் பார்த்த கிரிக்கெட்டே என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

ஈஸ்வரி எங்கள் கணக்காளர், சாம்பல்தீவிலிருந்து வருபவள், நிறைமாதக் கர்ப்பிணி. அவளது கணவன் வெளிநாட்டுக் கப்பலொன்றில் மாலுமி. பல வாரங்களாக அவனிடமிருந்து செய்தியில்லை. தீய செய்தி வந்திருக்குமோ என்றஞ்சி, அவள் மின்னஞ்சலைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

ஒரு காலை, எங்கள் வழங்கி அஞ்சல்களை இறக்கியபோது அவன் எழுதியது என் திரையில் ஓடியது. கப்பல் பழுதாம், தான் சுகமாம், பிள்ளைப்பேற்றுக்கு வந்துவிடுவானாம். ஆங்கில எழுத்தில் கோத்த கொச்சைத் தமிழ்... வாழ்நாளில் நான் படித்த தமிழுள் அதனினும் இனியது இல்லை!

ஆனால், படித்தேன் என்று எப்படிச் சொல்வது?

"பிள்ளை, விடியக்காலமை ஒரு கனவு கண்டனான். உங்கட அவர் வாசலில நிக்கிறார். மெயிலை ஒருக்காத் திறந்து பாருங்கோ."

"ஏலாது ஐயா. பயமாக் கிடக்கு."

"நான் பக்கத்தில நிக்கிறன்."

திறந்தாள். கதிரையில் இருந்தபடியே அழுதாள், பின்னர் சிரித்தாள். முகாமையாளர் எல்லோருக்கும் வடை தருவித்தார். அன்று அலுவலகத்தில் எவரும் வேலை செய்யவில்லை!

மாலையே அந்த இடைமுகத்தை நீக்கினேன். கணவன் சொன்னபடி வந்தான், மகனும் பிறந்தான். ஆனால், அதன்பின் ஈஸ்வரி காணி வாங்கியபோதும் வீட்டுக்கு அத்திவாரம் இட்டபோதும் என்னையே கேட்டாள்: ஐயா கனவு ஏதும் கண்டாரா என்று. ஒவ்வொரு முறையும் கண்டதாகச் சொன்னேன். எல்லாம் நன்றாகவே அமைந்தன. அவளது நல்லூழ்... என் கனவா?

சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தாள். அன்று வயிற்றிலிருந்த பிள்ளை மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறானாம். அவளுக்குப் பின்னால் வீடே சிரிப்பொலியில் அதிர்ந்தது.

"நீங்கள் கனவு கண்டு சொல்லுங்கோ ஐயா. பிறகுதான் டிக்கெட் போடுவம்."

கண்டனான் என்ற சொல் நாநுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்றேன்.

கனவைப் பற்றி நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். அதைக் கேட்டு அவள் கலங்கிவிட்டாள்!

அந்தப் பிள்ளையின் பயணம் என் உறக்கத்துக்காகக் காத்திருக்கிறது. நானோ... கண் மூடாமல் கிடக்கிறேன்.