தள்ளு சார்

லிஃப்டுக்குள் நிற்கும் மனிதர்கள் பேசிக்கொள்வதில்லை. இருபது வருஷம் எதிரெதிர் வீட்டில் குடியிருப்பவர்களாக இருந்தாலும், கதவு மூடியதும் தலைக்கு மேலே மாறும் எண்களைப் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் கதையே வேறு. முதல் ஐந்து நிமிஷம் பயம், அடுத்த ஐந்து நிமிஷம் திட்டு, அதற்கப்புறம் பேச்சுதான். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால் சம்பந்திகள் மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

இது லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக அவருடைய வேலையே லிஃப்டுகள் அப்படி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று, இரும்புக் கயிற்றைத் துணியால் துடைத்து, அறுந்த இழைகளை எண்ணுவார். அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு லிஃப்டுக்குள்ளேயே மாட்டிவிட்டு வருவார். ஊரில் பாதிப் பேர் அவர் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறார்கள். அவர் முகம் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மகளுக்குப் பிரசவம், ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று வெளிநாட்டுக்குப் போன மனைவி, போய் நாலு வருஷமாகிறது. சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. பேரனுக்குப் பல் முளைத்தது, அப்புறம் நடை வந்தது, அப்புறம் ஒரு பேத்தியும் பிறந்தாள். ஆறு மாசம் தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போயிற்று. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

"சரி, வெச்சுடட்டுமா?"

அதற்கும் "ம்" தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அந்தக் கார் கண்ணில் பட்டது. ஆய்வுக்குப் போன ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில், துணி போர்த்தி நின்றது. துணியைத் தூக்கினால் பாசிப்பச்சை நிறத்தில் ஓர் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார். அவரைவிட நாலு வயசுதான் இளையது. இரண்டே சீட்டு, மடக்கு கூரை, மரத்தில் ஸ்டியரிங். உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் ஒரு ஜாண்தான் இடைவெளி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, உரிமையாளரின் பிள்ளைகளிடம் பேசி வாங்கிவிட்டார்.

மனைவி போட்டோவைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாது. அதுலயும் நீங்க ஒரே ஆளு. யாருக்குங்க இந்த வண்டி?" பக்கத்து சீட்டில் டூல் பையை வைத்துக்கொண்டார்.

ஆனால் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்த ருசி தெரியும். ஆபீஸ் காரில் பொத்தானை அழுத்தினால் கிளம்பும், மிதித்தால் போகும், உள்ளே உட்கார்ந்திருப்பவன் தூங்கினாலும் அதற்குக் கவலையில்லை. இந்த வண்டி அப்படியல்ல. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, சத்தம் சீராகும் வரை காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் நடுவில் ஒரு கணம் நிதானிக்கக் கேட்கும். அவசரப்பட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும். ரோட்டில் கிடக்கிற சின்னக் கல் கூட உள்ளங்கைக்கு வந்து ஆஜர் கொடுக்கும். வளைவில் சரியான இடத்தில் திருப்பிவிட்டால், வண்டி முழுவதும் இடுப்பிலிருந்து திரும்புவது போல் ஒரு சுகம். அது அவரிடம் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அவரிடம் யாரும் எதையும் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

வாங்கிய இரண்டாம் மாசம், ஒரு சனிக்கிழமை காலை, கடைத்தெரு ஒன்றில் வண்டி பொசுக்கென்று நின்றது. அவமானத்தில் அவருக்குக் காது சிவந்துவிட்டது. அதற்குள் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு இறங்கி வந்தார். எதிரே சாவி வெட்டுகிறவர் வந்தார். மருந்துக் கடைக்காரர் வந்தார்.

"என்ன சார் இது, பொம்மை வாங்கி ஓட்டிட்டு வர்றீங்க?" என்றார் சாவிக்காரர்.

"பொம்மைன்னா சாவி கொடுத்தா ஓடணுமேப்பா, உன்கிட்ட இருக்கா?" என்றார் தையல்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வழியில் போன நாலு பேரும் சேர்ந்து ஏழு பேர் தள்ளினார்கள். மூன்றாவது முறை இன்ஜின் உறுமிக் கிளம்பியதும் ஏழு பேரும் கைதட்டினார்கள். தையல்காரர் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அறுபதை நெருங்குகிற ஒரு மனிதருக்காக ஏழு பேர் தெருவில் நின்று கைதட்டுவது சின்ன விஷயமில்லை. அவர் கல்யாணத்தில்கூட யாரும் கைதட்டவில்லை.

அந்த வருஷத்தில் இன்னும் நாலு தடவை அதே சுற்றுவட்டத்தில் நின்றது. பெயரும் வைத்துவிட்டார்கள், "தள்ளு சார்" என்று. "எங்க தெரு மேல மட்டும் இந்த வண்டிக்கு அப்படி என்ன கோபம்?" என்று தையல்காரரின் மனைவி பட்டன் தைத்தபடியே கேட்பாள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும்.

அப்புறம் வந்தது வினை. பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அம்மாவிடம் காரை விட்டார். அவள் பத்து நாள் வைத்திருந்து, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒயர் எல்லாம் மாற்றி, சாவியைக் கையில் கொடுத்தாள். "இனிமே கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் சார். மூணு வருஷத்துக்கு இது எங்கயாவது நின்னா என் பேரை மாத்திக்கிறேன்."

நிற்கவில்லை. இரண்டு மாசம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர் கடைத்தெரு வழியாகப் போனார், கை ஆட்டினார்கள். கை ஆட்ட அரை வினாடி போதும். அதன் பிறகு அவரவர் கத்தரிக்கோல், அவரவர் சாவி. வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போய்ப் பேச வேண்டியதுதானே என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். முப்பத்தொரு வருஷம் காரணமில்லாமல் ஒரு கதவையும் தட்டாத மனிதர் அவர். என்ன முகத்தோடு போய் நிற்பார், போய் என்னவென்று சொல்வார்?

இன்ஜினில் ரோட்டர் என்று ஒரு சாமான் உண்டு. கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம். இரண்டு கொக்கியைத் தள்ளி மூடியைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அது இல்லாமல் பூமியே புரண்டாலும் வண்டி கிளம்பாது. அந்தக் காலத்தில் திருட்டுக்குப் பயந்து ராத்திரி கழற்றி எடுத்துப் போவார்களாம். ஒரு சனிக்கிழமை, தெருமுனைச் சரிவில் இன்ஜினை அணைத்து வண்டியைச் சத்தமில்லாமல் உருளவிட்டு, தையல் கடைக்கு நாலு கடை முன்னால் நிறுத்தினார். பானெட்டைத் தூக்கிக் குனிந்தார். நிமிர்ந்தபோது ரோட்டர் சட்டைப் பையில் இருந்தது.

"அட, தள்ளு சார் வந்துட்டாருடோய்!"

தள்ளினார்கள், கிளம்பவில்லை. டீ வந்தது, பேச்சு வந்தது. யாருக்கு மூட்டு வலி, யார் வீட்டில் கல்யாணப் பேச்சு, எல்லாம் கேட்டார். அரை மணி கழித்து, "ஒயரைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்" என்று குனிந்து ரோட்டரை மாட்டினார். அடுத்த தள்ளலில் வண்டி உறுமியது. கைதட்டு. அன்றைக்கு வீடு வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

எட்டு மாசம், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவர் லிஃப்ட் ஆய்வு மாதிரியே ஒழுங்காகச் செய்தார். தப்பு என்று தெரியாமல் இல்லை. கைதட்டுக்கு முன்னால் அது சின்னத் தப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மருந்துக் கடைக்காரர் அப்போதுதான் கடை வாசலைக் கழுவிவிட்டிருந்தார். "ம்... தள்ளு!" என்று சாவிக்காரர் குரல் கொடுக்க, தையல்காரர் பின்பக்கம் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு தள்ளினார். செருப்பு வழுக்கியது. வலது கை கீழே மாட்ட, அதன்மேலேயே விழுந்தார். எழுப்பி உட்கார வைத்தபோது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மருந்துக் கடைக்காரர் விரல்களை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "விரல் நீலமாகுது. ரத்தம் போகல. சீக்கிரம் போகணும், இல்லேன்னா கைக்கே ஆபத்து." சாவிக்காரர் டாக்சிக்குப் போன் போட்டார். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றான் டாக்சிக்காரன். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம்.

"தையல்காரன் கைங்க அது!" என்று தையல்காரரின் மனைவி அலறினாள். "யாராவது ஒரு வண்டிய நிறுத்துங்களேன்!"

பார்த்துக்கொண்டிருந்த எல்லார் முன்னாலும் ஒரு வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையைத் தொட்டார். மறைத்துச் செய்ய வழியிருக்கிறதா என்று ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம், யோசித்தார். சுற்றிலும் ஆள். பிறகு ரோட்டரை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படியாகவே கொண்டுபோய் மாட்டினார். மூடியை அழுத்தினார், கொக்கிகளைப் போட்டார், சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது.

பழக்க தோஷம், சாவிக்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. கைகள் அப்படியே நின்றன. தெருவில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டிலிருந்த டூல் பையைத் தூக்கி ரோட்டில் போட்டார். தையல்காரரை உட்கார வைத்தார்கள். அவர் மனைவி ஏற வந்தாள், ஏற இடமில்லை. கதவைப் பிடித்த கையை அவளே எடுத்துக்கொண்டு, அந்தச் சின்ன வண்டியையும் இன்ஸ்பெக்டரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வாங்கியதிலிருந்து அந்த சீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்ததில்லை. தையல்காரர் வலது கையை மடியில் ஏந்தியபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி அன்றைக்கென்று அத்தனை அழகாக ஓடியது.

"இத்தனை நாளா பின்னாடி நின்னுதான் இதைப் பாத்திருக்கேன்" என்றார் பாதி வழியில். "இவ்வளவு தாழ்வாவா உக்காந்து ஓட்டுவீங்க?"

"ஆமா."

"அந்தத் துண்டு எப்பவும் பையிலதான் இருக்குமா?"

"ஆமா" என்றார். தையல்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம், அந்தப் பத்து நிமிஷம் இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தொரு வருஷத்தைவிட நீளமாக இருந்தது.

கை பிழைத்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். நாலு மாசம் கத்தரிக்கோல் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர். இன்ஸ்பெக்டர் ஆறு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே நீளமான ரோட்டில் ஓட்டினார். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. பையை மறுபடி அங்கே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஏழாவது சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போனார். வண்டியை ஓரமாக, ஒழுங்காக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சாவிக்காரர் பார்த்தார், சாவியை அரத்தில் தேய்க்கக் குனிந்துகொண்டார். தையல் கடையில் மெஷினில் மனைவி இருந்தாள். தையல்காரர் கட்டுப்போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து கோட்டின்மேல் பிசகாமல் தைக்க அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு என்ன?" என்றார் நிமிராமல்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"சும்மா... சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மெஷின் நின்றது. தையல்காரர் அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சும்மா வரணும்னா சும்மாவே வந்திருக்கலாமே சார்? அதுக்கு என் கைதானா கிடைச்சுது?"

அவர் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படியிறங்கினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"நீ எப்ப வர்ற?"

"ஏங்க, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"வண்டி எங்கயாவது இடிச்சிடுச்சா? மறைக்காதீங்க."

"வண்டியும் நல்லாத்தான் இருக்கு. எதுவும் ஆகல. சும்மாதான் கேக்கறேன்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "டூல் பைய எடுத்துட்டேன். பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. நீ வா."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் பேத்தி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷத்துல ஒரு தடவை கூட நீங்க வான்னு சொல்லலீங்களே" என்றாள். "கேட்டா எல்லாத்துக்கும் ம்னீங்க. ஒரு குறையும் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கீங்கன்னுதான் நான் நினைச்சேன்."