உள்ளே விட்ட துணி

விளையாட்டு அரங்கத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறைதான் தையல்கார அக்காவின் ராஜ்ஜியம். மேலே ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் குதிக்கும்போதெல்லாம் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து மிஷின்மேல் விழும். பயிற்சி முடிந்ததும் அத்தனை வாண்டுகளும் அவள் அறைக்குத்தான் இறங்கி வரும். பட்டன் டப்பாவைக் கவிழ்க்கும், கண்ணாடி முன் நின்று கோணங்கித்தனம் பண்ணும். இன்றைக்கும் மிஷின் எண்ணெய் வாசம் மூக்கில் பட்டால் அந்தக் கூச்சல்தான் அவள் காதில் கேட்கிறது.

பயிற்சி மாஸ்டர் வந்தால் மட்டும் கப்சிப். வாய்க்கு வந்தபடி திட்டுவார். பதக்கம் வாங்கித் தருகிறவர் என்பதால் பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். அவர் கண்டுபிடித்த தண்டனை ஒன்று உண்டு. எந்தப் பெண் சதை போட்டதாகத் தோன்றுகிறதோ, அவளுடைய உடுப்பை இடுப்பில் பிடித்துத் தைக்கச் சொல்வார். உடுப்பு ஏறாவிட்டால் போட்டி கிடையாது.

அந்த வருஷம் பெரிய போட்டி நெருங்கியபோது சுண்டெலியின் முறை வந்தது. அணியிலேயே பொடிசு அவள்தான், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"இன்னும் ஒரு இஞ்ச் பிடி."

"வளர்ற பிள்ளை மாஸ்டர். மூச்சு விட வேண்டாமா?"

"உன் வாயை முதல்ல தை. அப்புறம் இதைத் தை."

அன்று சாயங்காலம் சுண்டெலி தலைசுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பிஸ்கட்டை டீயில் நனைத்து நீட்டினாள்.

"வேணாம்க்கா. உடுப்பு ஏறாது."

முந்தின நாளிலிருந்து வெறும் தண்ணீர்தானாம்.

வளர்கிற பிள்ளைகளுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பது அக்காவின் வழக்கம். சுண்டெலியுடையதை மட்டும் பிரித்தால் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விடியும். அதனால் அத்தனை உடுப்புகளையும் பிரித்துத் தளர்த்தித் தைத்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் எல்லாரும் உடுத்திப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் இடுப்பு இறுக்கவில்லை. மாஸ்டர் ஓர் உடுப்பின் ஓரத்தைப் புரட்டினார்.

"யார் வேலை இது?"

"இங்க மிஷின் வச்சிருக்கிறது நான் ஒருத்திதானே மாஸ்டர்."

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

"சரி. திரும்பப் பிடிச்சுத் தைக்க இன்னைக்கே ஆள் தேடிக்குங்க."

ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் மூச்சு விட்டுக்கொண்டு போட்டிக்குப் போனார்கள். சுண்டெலியின் அப்பா மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்காவின் வீடுவரை வந்தார். மாஸ்டர் அதே அரங்கத்தில் பல வருஷம் இருந்தார்.

போன வாரம் சுண்டெலி தன் மகளோடு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இவளுக்கு உள்ள நிறையத் துணி விட்டுத் தைங்கக்கா."

"உனக்கு?"

சுண்டெலி இடுப்பைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அதைவிட நிறைய."

அக்கா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். பழைய கதை பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் சுண்டெலி எழுந்தாள்.