ஆற்று மணல் வண்டு

அம்மாவுக்கு வலி எடுத்து ஓர் இரவு கழிந்தும் குழந்தை பிறக்கவில்லை. காலையில் மருத்துவச்சி வெளியே வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அதைக் கேட்டதும் என்னைத் தூக்கிக்கொண்டு காவிரிக்கு நடந்தார். எனக்கு ஆறு வயது. குமாரபாளையத்தில் எங்கள் தெரு முடிந்ததும் ஆறுதான்.

கோடைக்குத் தண்ணீர் ஒதுங்கி ஓடியது. ஈர மணலில் நெட்டைக் கால்களோடு ஒரு வண்டு. மணல் நிறமேதான், ஓடினால்தான் இருப்பது தெரியும்.

"அதைப் புடிச்சுட்டீன்னா ஒடனே அம்மாகிட்டப் போயிரலாம் அம்மிணி" என்றார் மாமா.

ஓடினேன். அதுவும் ஓடும், நிற்கும், கை வைக்கப் போனால் நாலடி பறந்து உட்கார்ந்து என்னையே திரும்பிப் பார்க்கும். மாமாவும் கூடவே ஓடி, விழுந்து, வெறுங்கையோடு எழுந்தார்.

துணி அலசிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி சிரித்தாள். "ஏனுங்க, வண்டு புடிக்கவா ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்தீங்க?"

"ஆமாங்க்கா. தறியில நூலை இழுத்துட்டு ஓடற நாடாவாட்டம் ஓடுது பாருங்க. கொண்டுபோய்த் தறியில உட்டறலாம்னுதான்."

அன்று அம்மாவின் அலறல் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. அதற்காக அந்த வண்டுக்கும் மாமாவுக்கும் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

வெயில் சாய்ந்த நேரம். அப்பா படித்துறைக்கு ஓடி வந்து கத்தினார்.

"மாப்ள! ரெண்டு உசுரும் நல்லாருக்குது!"

மாமா தோள் துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு அதே ஈரத் துண்டை வீசினார். முதல் வீச்சிலேயே வண்டு உள்ளே.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "காலையிலேயே இப்படிப் புடிச்சிருக்கலாமில்ல மாமா?"

"அப்பத் துண்டு காஞ்சு கெடந்துச்சு சாமி."

பக்கத்திலேயே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வீடு வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை.

அம்மா சோர்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் துணிக்குள் தம்பி. நான் தம்பியைக்கூடச் சரியாகப் பார்க்காமல், மாமா செய்த அநியாயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். வண்டை வெளியே விட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் துண்டோடு கொல்லைப்பக்கம் போனார்.

ஒரு வண்டை விடுவதற்கு இவ்வளவு நேரமா என்று, அவருக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.