உயிரோடிருந்தவளுக்கு அடித்த போஸ்டர்

காமயகவுண்டன்பட்டி திராட்சை வியாபாரி ஒச்சாண்டியைப் போல வீம்பு பிடித்த மனுஷன் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. மகள் கயல், கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டு போன மறுநாளே, அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் படத்தைக் கொடுத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, கம்பம் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டிவிட்டார். தோற்றம், மறைவு, அடியில் ‘கண்ணீருடன் தந்தை ஒச்சாண்டி’. உயிரோடிருக்கிற பிள்ளைக்கு! அடப்பாவி என்று ஊரே வாயில் அடித்துக்கொண்டது. எதிரே நின்று கேட்கத்தான் ஆளில்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது மனைவி நாகஜோதி இருதயக் கோளாறில் படுத்த படுக்கை.

“அவள ஒருக்கா என் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா எனக்கும் சேத்து ஒரு போஸ்டர் அடிச்சிருங்க” என்றாள்.

அதில்தான் மனுஷன் ஆடிப்போனார். கயலின் சிநேகிதி மகிமாவிடம் போய் நின்றார். நம்பர் தரமாட்டேன் என்று கயலுக்குச் சத்தியம் செய்திருந்தவள், இரக்கப்பட்டு இவ்வளவு மட்டும் சொன்னாள்: “போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்ல இருக்கா மாமா. படம் வரையிறவக குடியிருக்கிற மேட்டுத் தெரு. செவுரெல்லாம் படமா இருக்குமாம்.”

விமானம் பிடித்துப் போய், பாஷை தெரியாத அந்த ஊரில் இரண்டு நாள் மேடு மேடாக ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஒரு சந்துக்குள் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் சுவரளவு முகங்கள், பூவும் கொடியும் சுற்றி. நம்மூர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? ஆத்தாடி, ஒரே தெருவில் இத்தனை சாவா என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஈ காக்கை இல்லை. ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்து, கல்யாணச் சாவாக இருக்கும் என்று நினைக்கும்போதே அந்தப் படத்துக்குக் கீழே ஜன்னல் திறந்தது. அதே கிழவி! துணியை உதறிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒச்சாண்டி இரண்டடி பின்வாங்கினார். அடுத்த சுவரில் ஒரு தாடிக்காரன். அதே தாடிக்காரன் காய்கறிப் பையோடு எதிரே வந்தான். செத்தவர்கள்தான் இங்கே குடியிருக்கிறார்களா? ஓடிவிடலாம் என்று திரும்பினார்.

எதிர்ச் சுவர் நிறையக் கயல். அதே பள்ளிக்கூடப் படம், ரெட்டைச் சடை. கீழே தமிழில் தோற்றம், மறைவு. அச்சகத்தில் அவர் சொன்ன அதே தேதி. தந்தை பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெறும் சுண்ணாம்பு. தன் வாக்கு பலித்தே விட்டதோ! ஓவென்று அழுதார்.

தாடிக்காரன் அவர் தோளைத் தொட்டான். படத்தைக் காட்டினான், பிறகு பக்கத்திலிருந்த பச்சைக் கதவைக் காட்டினான். உள்ளே சிரிப்புச் சத்தம். கயலின் சிரிப்பு!

பதறிப்போய்க் கதவைத் தட்டினார். கையெல்லாம் சாயத்தோடு கயலே திறந்தாள்.

“ஆத்தா, அப்பா வந்திருக்கேன். நான் செஞ்சது பாவம்தான். ஒங்கம்மா கெடையா கெடக்கா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போத்தா.”

அவள் கண் அவர்மேல் படவே இல்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“யாரு கயல்?” என்று உள்ளேயிருந்து புருஷன் கேட்டான்.

“யாருமில்ல. காத்து.”

கதவு சாத்திக்கொண்டது. அவர் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். அப்புறம் நாகஜோதிக்குப் போன் போட்டார்.

“பிள்ளையப் பாத்தீகளா?”

“பாத்தேன். நல்லாருக்கா. அவளுக்கு நாந்தான் செத்துப்போயிட்டேன், ஜோதி.”

“அந்தப் போன ஸ்பீக்கர்ல போட்டுக் கதவுகிட்ட வையுங்க” என்றாள் நாகஜோதி.

வைத்தார். போனிலிருந்து நாகஜோதி கூப்பிட்டாள்: “கயலு... அம்மாடி...”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஒரு கை நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. சாயம் படிந்த அந்தக் கை போனை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.